தகப்பன், தாய், நடுவே ஒரு சந்து

1

இந்தக் கதை நான் கேட்டு வாங்கியது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் அறையில், பதினாறு வருடமாக எனக்கு எதிர்மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடமிருந்து. ஞாயிற்றுப் பதிப்புகளில் எப்போதாவது என் கதை ஒன்று வரும். அதில் ஒன்றையாவது படித்ததாக அவள் சொன்னதில்லை. போன வருடம் அவள் வாழ்க்கையில் ஒன்று நடந்தது. அதில் கொஞ்சத்தை நான் நேரில் பார்த்தேன். பார்த்த நாளிலிருந்து வேறு எதை எழுத உட்கார்ந்தாலும் எழுத்து ஓடவில்லை.

கேன்டீனில் ஒரு நாள் கேட்டேன். "இத எழுதட்டுமா?"

சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "பேர மாத்திக்குங்க. நடந்தத மாத்தாதீங்க."

"கதைன்னா கொஞ்சம் சேத்துத்தான் ஆகணும்லா."

"நீங்க சேக்கறத எல்லாம், படிக்கிறவங்க எங்கப்பா செஞ்சதுன்னு நெனைப்பாங்க. எங்கம்மா சொன்னதுன்னு நெனைப்பாங்க. அது பொய்ச்சாட்சிதானே, யுகேந்திரன்?"

ஒரு அளவுகோல் மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு தள்ளிக் காட்டுகிறது என்று சொல்வாளே, அதே குரலில் சொன்னாள். இருபத்தைந்து வருடமாகக் கதை எழுதுகிறேன். இந்தத் தொழிலை ஒருவரும் அந்தப் பெயரால் அழைத்ததில்லை. எழுத எழுதக் காட்டுகிறேன், பென்சிலால் திருத்துங்கள் என்றேன். சரி என்றாள்.

ஆகவே வாசகரே, இனி அவள் பெயர் சுகந்தினி. உண்மைப் பெயர் இல்லை. மாற்றியது பெயர்களை மட்டும்தான்.

* நேரில் நான் அவரை 'நீங்க' என்றுதான் சொல்வேன். கதைக்குள் 'அவள்' என்று எழுதுகிறேன். இல்லாவிட்டால் அப்பாவும் மகளும் பக்கத்துக்குப் பக்கம் ஒரே 'அவர்' ஆகிவிடுவார்கள். இதற்கு அனுமதி கிடைத்துவிட்டது.

2

முதல் தொடக்கம்:

சிவசம்பு வீட்டை விட்டுப் போன அன்று ஜொகூர் பாருவில் விடாமல் மழை பெய்தது. ஒன்பது வயது சுகந்தினி சன்னல் கம்பியைப் பிடித்தபடி…

பென்சில்: மழை இல்ல. நல்ல வெயில். நான் ஸ்கூல்ல இருந்தேன்.

இரண்டாம் தொடக்கம்:

சிவசம்பு நல்ல மனிதர் இல்லை.

பென்சிலால் வரி முழுவதையும் அடித்திருந்தாள். பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. "உண்மைதானே?" என்று கேட்டேன்.

"உண்மையா இருக்கலாம். அது நான் சொல்லி நீங்க எழுதினதா ஆயிடும். பெத்தவர பிள்ளை அப்படிச் சொல்லக் கூடாது."

"அப்போ என்ன எழுதறது?"

"அவர் என்ன செஞ்சாருன்னு எழுதுங்க. எப்படிப்பட்டவருன்னு எழுதாதீங்க."

மூன்றாம் தொடக்கம். இது நின்றது:

ஜேம்ஸ் சிவசம்பு அரசாங்க எழுத்தர். 1987இல் மூவாருக்கு மாற்றல் வந்தது. வீடு பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று மனைவி செல்லப்பாக்கியத்திடம் சொல்லிவிட்டுப் போனார். கூப்பிடவில்லை. ஏழு மாதம் கழித்து, அங்கே அவர் இன்னொரு பெண்ணோடு குடித்தனம் நடத்துவது தெரியவந்தது. செல்லப்பாக்கியம் தேவாலயத்துப் பாலர் பள்ளியில் வேலை பார்த்து மகளை வளர்த்தார். மூவாரில் மலர் என்றொரு மகள் பிறந்தாள். முப்பத்தேழு வருடம் அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் ஒரு கடிதம்கூடப் போகவில்லை.

சுகந்தினி திருமணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் அப்பா போனதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

3

போன வருடம் மார்ச் மாதம், கேன்டீனில் எனக்கு எதிரே அவள் மீ கோரேங், வறுத்த நூடுல்ஸ், சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, நான் மலர். மூவார்லேருந்து."

'அக்கா' என்று அவளைக் கூப்பிட உரிமையுள்ள ஒரே ஆள் தன் முப்பத்திரண்டு வயதில் முதல் தடவையாகக் கூப்பிட்டாள். சுகந்தினி எழுந்து போகவில்லை. போனைக் காதில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மலர் சொன்னது இவ்வளவுதான். தன் அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அப்பாவுக்கு எண்பது வயது, ஞாபகம் போய்விட்டது. ஆற்றங்கரைப் பக்கம் நடந்துபோய் நின்றுவிடுகிறார், யாராவது கூட்டிவந்து விடுகிறார்கள். போன வாரம் கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்துவிட்டார். உள்ளே ஏழு மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இனி அவரை வைத்துக்கொள்ள முடியாது என்று மலரின் கணவன் சொல்லிவிட்டான்.

"முதியோர் ஹோம்ல ஒன்பது நாள் விட்டுப் பாத்தேன்கா. பாக்கப் போனப்ப நாற்காலியோட கட்டி வச்சிருந்தாங்க. வீட்டுக்குக் கூட்டியாந்துட்டேன். கேக்கறதுக்கு எனக்கு எந்த உரிமையும் இல்ல. வேற யாரும் இல்லக்கா."

சுகந்தினி கேட்டது ஒரே கேள்வி. "எதால கட்டியிருந்தாங்க?"

"துணியால."

"சரி. யோசிச்சிட்டுக் கூப்பிடறேன்."

போனை வைத்துவிட்டு மிச்ச மீயைத் தின்று முடித்தாள். "என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டேன்.

"என்ன செய்யணும்னு தெரியும். எப்படிச் செய்யறதுன்னுதான் தெரியல."

4

இங்கே கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

உங்களுக்கும் வந்திருக்கும். முப்பத்தேழு வருடம் திரும்பிப் பார்க்காத மனிதர். மலர் ஊரார் வீட்டுப் பிள்ளை மாதிரி. 'உன் பாடு' என்று சுகந்தினி போனை வைத்திருந்தால் எந்த ஊரிலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லப்போனால் அவளுடைய போதகரே அப்படித்தான் சொன்னார். இளவயதுக்காரர், இரக்கமுள்ளவர். "அக்கா, நல்ல இல்லமாப் பாத்துச் சேத்துவிட்டு, அப்பப்பப் போய்ப் பாருங்க. அதுவும் கனம்பண்றதுதான். உங்க சூழ்நிலை கர்த்தருக்குப் புரியும்." 'உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக' என்ற வேதாகமக் கட்டளையைத்தான் சொன்னார்.

"புரியும் ஐயா. புரிஞ்சுதான் கட்டளைன்னு சொல்லியிருக்காரு. நல்ல தகப்பனக் கனம்பண்ணுன்னு சொல்லியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். அப்படிச் சொல்லலையே."

இந்தப் பெண்ணை வாசகர் நம்ப வேண்டுமே என்று அவளுக்கு ஒரு ரகசியப் பாசத்தைச் சேர்த்தேன். தலையணைக்கடியில் அப்பாவின் பழைய படம். சிறுவயதில் அவர் தோளில் உட்கார்ந்து தைப்பூசக் கூட்டம் பார்த்த ஞாபகம். (கிறிஸ்தவக் குடும்பம் தைப்பூசத்துக்கு ஏன் போகிறது என்று அப்போது தோன்றவில்லை.) அரைப் பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது.

பென்சில்: படம் எதுவும் இல்ல. பாசமும் இல்ல.

"பாசமே இல்லாம ஒருத்தரக் கூட்டியாந்து எப்படிங்க வச்சிக்க முடியும்?" என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"பாசம் வைன்னு அதுல இல்ல, யுகேந்திரன். கனம்பண்ணுன்னு இருக்கு. பாசம் வான்னு கூப்பிட்டா வருமா? கனம்பண்றது கையால செய்யற வேல. அத செஞ்சிடலாம்."

"செஞ்சா பரலோகமா?"

"அதெல்லாம் ஏற்கெனவே குடுத்தாச்சு. சிலுவையில. இது அதுக்கு வில இல்ல. குடுத்தவரு சொல்றாரு, கேக்கறேன்."

 எங்கள் அறையில் ஒரு மூல எடைக்கல் இருக்கிறது. மற்ற எடைகளையெல்லாம் அதை வைத்துத்தான் சரிபார்ப்போம். விரல் படக்கூடாது, இடுக்கியால்தான் தூக்க வேண்டும். கட்டளை அந்த எடைக்கல்லைப் போல மாறாதது என்று இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். படித்துவிட்டுச் சிரித்தாள். "அதுவே தேயுது. அதனாலதானே வருஷா வருஷம் சோதனைக்கு அனுப்பறோம்." பத்தியைக் கிழித்துவிட்டேன்.

5

எப்படிச் செய்வது என்று தெரியாததற்குக் காரணம் அவள் அம்மா.

செல்லப்பாக்கியத்துக்கு எழுபத்தாறு வயது. மகளோடு தெப்ராவில் ஒரு தாமான் குடியிருப்பில், வரிசை வீட்டில் இருக்கிறார். அவருடைய பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர்கள். வீட்டுக்குள் அந்தப் பேச்சு இன்னும் அவர் வாயில் இருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது மகள் விஷயத்தைச் சொன்னாள்.

அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. நறுக்கிக்கொண்டே சொன்னார். "அந்தாள் இந்த வீட்டுப் படி ஏறினா, நான் இறங்கிடுவன்."

"அம்மா, அவரக் கட்டி வச்சாங்களாம்மா."

"அந்தக் கட்டளையில ரெண்டு பேர் இருக்கினம், பிள்ளை. தகப்பன், தாய். ஒராளைக் கனம்பண்ணுறதுக்கு மற்றாளை மிதிக்கச் சொல்லி எங்க எழுதிக்கிடக்கு? எனக்கு அதில இடமில்லையோ?"

இந்தக் கேள்வியை எழுதிவிட்டு இரண்டு வாரம் நான் எழுதவில்லை. அம்மா சொன்னதில் பிழையே இல்லை. தன்னை விட்டுப் போனவருக்குத் தன் கண்ணெதிரே சோறு போடுவதைப் பார்த்துக்கொண்டிரு என்று தாயிடம் சொன்னால் அது தாயைக் கனம்பண்ணுவதாகுமா? அவரை எங்கேயோ கட்டிப்போட விட்டால் தகப்பனைக் கனம்பண்ணுவதாகுமா? இரண்டையும் ஒரே கூரையின் கீழ் செய்ய முடியாது. ஒன்றைச் செய்தால் மற்றது உடையும்.

சுகந்தினி அம்மாவிடம் வாதம் செய்யவில்லை. "உங்களுக்கு இடம் இருக்கும்மா" என்று மட்டும் சொன்னாளாம். பதினோரு நாள் யோசித்தாள். வேலையில் வழக்கம்போலத்தான் இருந்தாள். பன்னிரண்டாம் நாள் என்னிடம் வந்து, "உங்க தம்பிகிட்ட லாரி இருக்குல்ல, ஒரு நாள் வேணும்" என்றாள்.

அவள் வீட்டின் பின்கதவைத் திறந்தால் ஒரு சந்து. கால்வாய் மூடி, துணிக்கொடி, பூனைகள். எட்டு அடி அகலம். சந்துக்கு அந்தப் பக்கம் அடுத்த தெரு வீடுகளின் பின்கதவுகள். நேர் எதிர்ப் பின்கதவு உள்ள வீட்டை வாடகைக்கு எடுத்துவிட்டாள்.

அம்மாவின் வீட்டுப் படியை அப்பா ஏற வேண்டியதில்லை. அம்மா முன்வாசலில் உட்கார்ந்தால் அப்பா கண்ணில் பட மாட்டார். பின்கதவைத் திறக்காதவரை அம்மாவுக்கு அவர் இல்லை. மகளுக்கோ அவர் எட்டு அடி தூரம்.

6

ஏப்ரலில் மூவாருக்குப் போய் அவரைக் கூட்டிவந்தோம். லாரியை நான்தான் ஓட்டினேன். மலர் வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அக்காவும் தங்கையும் அன்றுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இருவருக்கும் ஒரே மூக்கு. இருவரும் அதைக் கவனித்தது எனக்குத் தெரிந்தது. சுகந்தினி குழந்தையின் காலைத் தொட்டுவிட்டு வந்து லாரியில் ஏறினாள்.

அவளுடைய நாள் அன்றிலிருந்து இப்படி: காலை ஐந்தரைக்கு எழுந்து இரண்டு பேருக்கும் சமைப்பாள். அம்மாவின் தட்டை மேசையில் மூடி வைப்பாள். அப்பாவின் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு சந்தைக் கடப்பாள். அவரைக் குளிப்பாட்டுவாள். ஏழு மணிக்குப் பக்கத்துத் தெரு அங்கம்மா வந்து அவரோடு இருப்பார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பிறகு டவுனுக்கு வந்து, மூன்று முதியவர்களைக் கவனித்துப் பழகிய கை அவருடையது. சுகந்தினி வேலைக்கு வந்துவிட்டு மாலை திரும்பியதும் மறுபடியும் சந்து.

ஒரு சனிக்கிழமை அப்பாவின் வீட்டுப் பின்கதவுக் கிரில் பூட்டை மாற்றித்தரப் போனேன். அவர் பழைய பூட்டைத் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். நான் ஸ்குரூ கழற்றிக்கொண்டிருந்தேன். சிவசம்பு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பெல்ட், பளபளவென்று ஷூ. ஆபீசுக்குப் போகிற நினைப்பில் தினமும் ஷூ கேட்பார். அவள் தினமும் பாலிஷ் போட்டு மாட்டிவிடுவாள். "இன்னைக்கு லீவு ஐயா" என்று அங்கம்மா சமாளிப்பார். சுகந்தினி அப்படிச் சொல்ல மாட்டாள். "ஷூ போடுங்கப்பா" என்பதோடு சரி. ஆபீஸ் இருக்கிறதென்றும் சொல்வதில்லை, இல்லையென்றும் சொல்வதில்லை.

அவளை அவர் மலர் என்றுதான் நினைத்தார்.

"மலரோ?"

"உங்க மகப்பா."

ஒவ்வொரு முறையும் இதே பதில். எத்தனை முறை கேட்டாலும் இதே பதில். அங்கம்மா என்னிடம் கிசுகிசுத்தார்: "ஆமான்னு சொல்லிட்டா முடிஞ்சிரும். அலமாக், இது சொல்லவே மாட்டேங்குது தம்பி."

அவள் சோறு பிசைந்து கொடுத்தாள். தலையைச் சாய்த்து எதையோ கேட்பதுபோல் இருந்துவிட்டு அவர் தெளிவாகச் சொன்னார்: "எனக்கு இன்னொரு பிள்ளை இருந்தவள். ஜொகூர்ல. பேர் வருதில்லை."

நான் ஸ்குரூவைத் திருப்புவதை நிறுத்திவிட்டேன்.

"அவளுக்கு என்னில கோவம் இருக்கும், என்ன?"

"இருந்துச்சுப்பா."

"இப்ப?"

"இப்பவும் இருக்கு. முன்ன மாதிரி இல்ல."

அவர் அதை மென்றார். விழுங்கினார். "இருக்கத்தான் வேணும்" என்றார். பிறகு தண்ணீர் கேட்டார். அவள் டம்ளரை அவர் கையில் கொடுத்து, அவர் விரல்கள் அதைப் பிடிக்கும்வரை தன் விரல்களை எடுக்காமல் இருந்தாள்.

வெளியே சந்தில் வைத்துக் கேட்டேன். "நான்தான் அந்தப் பொண்ணுன்னு சொல்லியிருக்கலாமே. முப்பத்தேழு வருஷம் காத்திருந்த ஒரு நிமிஷம் அது."

"கோவம் இருக்கான்னு கேட்டாரு, சொன்னேன். நீ யாருன்னு கேக்கலையே. சொல்லியிருந்தா யாருக்காகச் சொல்லியிருப்பேன்? எனக்காகத்தான். அவருக்குத் தொண்டையில சோறு நின்னுருக்கும்."

நான் கோயிலுக்குப் போகிறவன். திரை விலகித் தீபம் காட்டும் நொடியில் உடம்பில் ஒன்று ஓடுமே, அது அந்தச் சந்தில் எனக்கு ஓடியது. கால்வாய் நாற்றம் அடித்துக்கொண்டிருந்தது. கையில் ஸ்குரூ டிரைவர் இருந்தது. எந்த மலையடியிலோ, எந்தப் பாலைவனத்திலோ, எத்தனை ஆயிரம் வருடத்துக்கு முன்போ சொல்லப்பட்ட ஒரு வார்த்தை இந்தத் தெப்ராவ் சந்துவரை வந்து சேர்ந்திருக்கிறது. வழியில் யாரும் அதை இளக்கவில்லை. அது காலை ஐந்தரைக்கு ஒரு பெண்ணை எழுப்பி நடக்க வைக்கிறது. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

* அன்று மாலை குளுவாங்கில் இருக்கும் என் அப்பாவுக்குப் போன் செய்தேன். "என்னடா, என்ன வேணும்?" என்று கேட்டார்.

7

முடிவுகள்.

முதல் முடிவு: டிசம்பர் மாதம், கிறிஸ்துமஸ் அன்று காலை, செல்லப்பாக்கியம் பின்கதவைத் திறந்து, கையில் கஞ்சியோடு சந்தைக் கடந்து…

பென்சில்: கடக்கல.

இரண்டாம் முடிவு: கடைசி நேரத்தில் சிவசம்பு கண்ணைத் திறந்து, "சுகந்தினி" என்று

பென்சில்: கூப்பிடல. அவர் உயிரோட இருக்காரு.

இவை இரண்டும் நடக்கவில்லை. நடந்தது என்ன என்று எழுதுகிறேன், சின்ன விஷயம்தான். ஆகஸ்டு மாதம், அப்பாவின் தட்டு பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வந்தது. மூன்று நாள் இப்படி வந்தது. மூன்றாம் நாள் செல்லப்பாக்கியம் கழுவுத்தொட்டியில் அந்தத் தட்டைப் பார்த்தார்.

"சொதிக்கு மிளகாய் வெட்டிப் போடாதை. அந்தாளுக்கு ஒத்துக்கொள்ளாது. இருமும்."

சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். மறுநாள் காலை சுகந்தினி எழுந்து வந்தபோது அடுப்பில் ஒரு சின்னச் சட்டியில் தேங்காய்ப்பால் சொதி இருந்தது. வெள்ளையாக, மிளகாய் இல்லாமல். யாருக்கென்று அம்மா சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் அந்தச் சட்டி அடுப்பில் இருக்கும்.

அதற்கு மேல் அவர் ஒரு அடி எடுத்துவைக்கவில்லை. இன்றுவரை பின்கதவைத் திறந்ததில்லை. துணி காயப்போடுவதும் முன்பக்கம்தான்.

8

இதுவரை எழுதியதை மொத்தமாகக் கட்டி அவளிடம் கொடுத்தேன். போன வெள்ளிக்கிழமை, கேன்டீனில். அவள் படித்தாள். பென்சிலைத் தொடவே இல்லை. சரியாக வந்துவிட்டது என்று எனக்குள் ஒரு சந்தோஷம்.

"எல்லாம் நடந்ததுதான்" என்றாள். "ஆனா இது பொய்."

"எது?"

"என்ன இவ்வளவு நல்லவளா எழுதியிருக்கீங்க."

"நான் பாத்ததத்தானே எழுதினேன்."

"நீங்க சனிக்கிழம பாத்தீங்க." காகிதங்களை மேசையில் தட்டி ஒழுங்குபடுத்தினாள். "நான் அவர அடிச்சிருக்கேன், யுகேந்திரன். அதையும் எழுதுங்க."

நான் எழுதியது இதுதான், அவள் சொன்ன வார்த்தைகளில்:

"நவம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழம. அம்மாவ ஆராதனைக்கு ஏத்தி விட்டுட்டு அப்பாவக் குளிப்பாட்டப் போனேன். அன்னைக்கு அவரு அசிங்கம் பண்ணிட்டு அதச் சுவத்துல பூசியிருந்தாரு. கழுவி, உடுப்பு மாத்தி, ஷூ மாட்டி உக்கார வச்சேன். திரும்பிப் பாக்கறதுக்குள்ள மறுபடியும். கையப் பிடிச்சேன். அவர் உதறிட்டு, 'போடி, ஆர் நீ, என்ர வீட்டை விட்டுப் போ'ன்னு கத்தினாரு. என்னமோ ஆயிடுச்சு. அந்தக் கையில ஓங்கி அடிச்சேன். ஒரு தடவ இல்ல. ரெண்டு தடவ. ரெண்டாவது தடவ வேணும்னே அடிச்சேன். அடிக்கும்போது எனக்கு ஒன்பது வயசு."

கேன்டீனில் அடுத்த ஷிப்டு ஆட்கள் தட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

"அவர் அழுதாரு. சின்னப் பிள்ள மாதிரி, கைய மார்போட வச்சிக்கிட்டு. எட்டு மாசமா நான் கட்டளையக் கடைப்பிடிச்சிக்கிட்டு இருக்கேன்னு நெனச்சிட்டிருந்தேன். அன்னைக்குத்தான் தெரிஞ்சது, நான் கீழ விழுந்து கெடக்கேன், அது அங்கயே இருக்கு. எனக்காகக் கொஞ்சம் எறங்கி வரல. அது எறங்கி வந்திருந்தா, நான் எவ்வளவு தூரம் விழுந்திருக்கேன்னே தெரிஞ்சிருக்காது."

"அப்புறம்?"

"தரை ஈரமா இருந்துச்சு. அப்படியே அவர் முன்னால முட்டி போட்டேன். 'அடிச்சிட்டேன்பா. மன்னிச்சிருங்கப்பா'ன்னு கேட்டேன். எதுக்குன்னு அவருக்குத் தெரியல. மறந்துட்டாரு. அழுததே மறந்துட்டாரு. என்னக் குனிஞ்சு பாத்தாரு. மலர்னுகூட நெனைக்கல, அந்தப் பார்வை தெரியும் எனக்கு. யாரோ ஒரு பொம்பள முட்டி போட்டிருக்கான்னு பாக்கறாரு. அப்புறம் அந்தக் கைய, நான் அடிச்ச அதே கைய, என் தலையில வச்சாரு. 'அழாதை. ஆர் பெத்த பிள்ளையோ நீ'ன்னு கேட்டாரு."

வாசகரே, இங்கே நான் அவளை இடைமறித்துவிட்டேன். மறித்திருக்கக் கூடாது. நீங்களும் மறித்திருப்பீர்கள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். அவ்வளவு நாளில் முதல் தடவையாக ஒரு கேள்விக்கு அவள் பதில் சொல்லவில்லை.

அவர் கேட்டது கேள்விதானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. 'ஆர் பெத்த பிள்ளையோ' என்று நாம் வழியில் பார்க்கிற யாரையும் பரிதாபப்பட்டுச் சொல்வதுதான். பதில் எதிர்பார்த்துச் சொல்வதில்லை. கேள்விதான் என்றால் அதற்கு ஒரே ஒரு உண்மையான பதில் இருக்கிறது, அது அவளுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவள் அதைச் சொன்னாளா? சொல்லியிருந்தால் அவர் முகம் எப்படி இருந்தது? மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றையும் அடித்துவிட்டேன். அந்த வரி இதோ:

"………………………………"

இதை நான் நிரப்பப் போவதில்லை. உங்களுக்குத் துணிவிருந்தால் நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் கேட்ட இன்னொன்றுக்கு அவள் பதில் சொன்னாள். எழுந்து, தட்டை எடுத்துக்கொண்டு, நாற்காலியை உள்ளே தள்ளிய பிறகு சொன்னாள். எவ்வளவு நேரம் அப்படி முட்டி போட்டிருந்தீர்கள் என்று கேட்டிருந்தேன்.

"அரை மணி நேரம் இருக்கும். தலையில வச்ச கைய எடுக்க அவரு மறந்துட்டாரு."